மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூளும் ஒரு ஹாட் டாக்கும்

மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்வி இது: "அமெரிக்காவில் இருக்கும் தங்கை பிள்ளைகள் விடுமுறைக்குக் கடலூர் வந்திருக்கிறார்கள். நீள பன்னுக்குள் சாசேஜ் என்ற கறிக்குழலை வைத்துத் தரும் ஹாட் டாக் மேல் ஊற்றிச் சாப்பிடும் சில்லி சாஸ் வேண்டும் என்று அடம். இணையத்தில் பார்த்த குறிப்பின்படி அரைக் கிலோ கொத்துக்கறிக்கு மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர் போட்டேன். ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. காரம் போகட்டும், பார்க்கவே அவர்கள் ஊர் சாஸ் மாதிரி இல்லையாம். எங்கே தவறினேன்? வீட்டில் சரியாக வருமா?"

வரும். நீங்கள் குறிப்பில் சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறீர்கள். காலை வாரிவிட்டது அந்தப் பெயர்தான். சாம்பார் பொடி என்றால் சாம்பாருக்குப் போடுகிற பொடி. அதேபோல அமெரிக்கக் குறிப்புகளில் வரும் 'சில்லி பவுடர்', சில்லி என்ற கறிக்குழம்புக்குப் போடுகிற பொடி. காரமே இல்லாத ஒரு மிளகாய்தான் அதில் பெரும்பங்கு. மிச்சம் சீரகம், பூண்டுத்தூள், ஓரிகானோ, பல கம்பெனிகளில் உப்பும் உண்டு. அதை அவர்கள் மூன்று கரண்டி போடுவது, நாம் குழம்புப் பொடி மூன்று கரண்டி போடுவதைவிடவும் சாதுவான காரியம். அந்த இடத்தில் நம் வீட்டு மிளகாய்த்தூள் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் பார்த்துவிட்டீர்களே.

நானும் விழுந்த பள்ளம்தான் இது. ஒன்பது வருடம் ஒரு சுற்றுலாக் கப்பலின் சமையற்கட்டில் வேலை பார்த்தேன். நீச்சல்குளத்தை ஒட்டி ஒரு கவுன்டர், பகலெல்லாம் அதில் ஹாட் டாக் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு மேலே இருந்த சமையல்காரர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். சேர்ந்த புதிதில் அவர் அண்டா நிறையக் கொதிக்கும் கறியில் சில்லி பவுடரைக் கப்பு கப்பாகக் கொட்டுவதைப் பார்த்து, பயணிகள் மேல் இவருக்கு என்ன பகை என்று நினைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு சுள்ளென்ற உறைப்பு கூட இல்லை. கொஞ்சம் இனிப்பு, நிறையச் சீரகம், அவ்வளவுதான். லீவில் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தபோது, அக்கா பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று, அம்மா மில்லில் அரைத்து வைத்திருந்த தூளை அதே கணக்கில் போட்டேன். அன்றைக்கு எங்கள் தெருக் கடையில் தயிர் தீர்ந்துபோனது.

பெயர்க் குழப்பம் அதோடு முடியவில்லை. 'சில்லி சாஸ்' என்று கேட்டால் நம் ஊர்க் கடையில் ஃபிரைடு ரைஸுக்கு ஊற்றுகிற சிவப்பு பாட்டிலைத் தருவார்கள். அமெரிக்கக் கடையில் அதே பெயரில் இன்னொரு பாட்டில் இருக்கிறது. அது தக்காளி கெட்சப்பின் ஒன்றுவிட்ட தம்பி, காரம் கிடையாது. ஹாட் டாக் மேல் ஊற்றுகிறார்களே, அது மூன்றாவது. மாவு போலப் பொடிந்த கொத்துக்கறி மசாலாவோடு சேர்ந்து குழைந்த கெட்டிக் குழம்பு. பிள்ளைகள் கேட்பது இதைத்தான். பாட்டில் சாஸை ஊற்றிக் கொடுத்திருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பார்கள்.

இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கை தானாகச் சரியாகப் போகும் என்பதால் சொல்கிறேன். டெக்சாஸில், மெக்சிகோ எல்லையோரச் சமையலில் பிறந்தது சில்லி என்ற கறிக்குழம்பு. 1890களில் அங்கே குடியேறிய கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் மிளகாயையும் மற்ற சாமான்களையும் சேர்த்து அரைத்துப் பொடியாக விற்க ஆரம்பித்தார். நம் ஊரில் பாக்கெட் சாம்பார் பொடி வந்த மாதிரி. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் சில்லி வைக்கலாம் என்று ஆனது. வடக்கே போனபோது அதைக் கையில் எடுத்தவர்கள் கிரேக்கத்திலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். டெட்ராய்ட்டில் 1917இல் தொடங்கிய அமெரிக்கன் கோனி ஐலண்ட் என்ற கடை இன்றும் இருக்கிறது. சின்சினாட்டியில் 1922இல் இரண்டு மாசிடோனியச் சகோதரர்கள் எம்ப்ரஸ் என்ற கடையைத் திறந்தார்கள். அந்த ஊர்ச் சில்லியில் பட்டையும் கிராம்பும் வாசனை தூக்கும். கோனி ஐலண்ட் என்பது உண்மையில் நியூயார்க்கின் கடற்கரை. அங்கே இந்தச் சாஸ் பிறக்கவில்லை. திருநெல்வேலி அல்வா என்று போர்டு எழுதி வேறு ஊரில் விற்பது போல, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பட்டை, கிராம்பு, சீரகம், வெங்காயம், பூண்டு எல்லாம் உங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் கூடையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்க வேண்டியது காரமில்லாத மிளகாய் ஒன்றுதான்.

அவர்கள் பயன்படுத்தும் காய்ந்த மிளகாயின் பெயர் ஆன்சோ. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளர், மிளகாய்ச் சாற்றில் காரம் தெரியாமல் போகும்வரை சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து காரத்தை அளக்க ஒரு வழி சொன்னார். அந்தக் கணக்கில் ஆன்சோ 1,000 முதல் 2,000 வரை. குண்டூர் சன்ன மிளகாய் 30,000ஐத் தாண்டும். ஏறக்குறைய இருபது மடங்கு! காஷ்மீரி மிளகாய் என்று கடையில் விற்பது ஆன்சோவுக்குப் பக்கத்தில் நிற்கும். நிறமும் நன்றாகக் கொடுக்கும். திருப்பாப்புலியூர் கடைத்தெருவிலும் கிடைக்கும், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் கிடைக்கும். முழு மிளகாயாக வாங்கிக் காம்பையும் விதையையும் உதறிவிட்டு, வெறும் சட்டியில் அரை நிமிடம் சூடு காட்டி, மிக்ஸியில் அரைப்பதே நல்லது. பாக்கெட் தூள் என்றால் முதலில் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். சில பாக்கெட்டில் பெயர் மட்டும்தான் காஷ்மீர்.

ஆன்சோவில் இன்னொரு குணமும் உண்டு, உலர்ந்த திராட்சை மாதிரி ஓர் அடி இனிப்பு. காஷ்மீரியில் அது இல்லை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து நசுக்கிப் போட்டால் அந்தக் குறை தீரும். கப்பலில் இதைச் செய்ததில்லை, ஊருக்கு வந்து நானாகக் கண்டுபிடித்தது. கொஞ்சம் பெருமைதான்.

ஓரிகானோவுக்கும் அலைய வேண்டாம். பீட்சா வாங்கும்போது கொடுக்கும் சின்னப் பாக்கெட்டுகள் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் நாலைந்து கிடக்கும், அது போதும். இல்லையா, கொல்லையில் கற்பூரவள்ளி இருந்தால் நடுத்தர இலை இரண்டைப் பறித்துப் பொடியாக நறுக்குங்கள். சளிக்குக் கஷாயம் வைக்கிற இலையைக் கறியில் போடுவதா என்று வீட்டில் கேட்பார்கள். ஓரிகானோவுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் கார்வக்ரால் என்ற எண்ணெய்ப்பொருள் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது. வெளிநாட்டில் இதைக் கியூபா ஓரிகானோ என்றே விற்கிறார்கள். இரண்டு இலைக்கு மேல் போட்டால் மட்டும் கஷாய வாடை வந்துவிடும்.

ஆக, அரைக் கிலோ கறிக்கான உங்கள் சொந்தச் சில்லி பவுடர் இது: காஷ்மீரி மிளகாய்த்தூள் 4 டீஸ்பூன், லேசாக வறுத்துப் பொடித்த சீரகம் 2 டீஸ்பூன், ஓரிகானோ 1 டீஸ்பூன், பட்டைத்தூள் கால் டீஸ்பூன், ஒரே ஒரு கிராம்பு பொடித்தது, மிளகுத்தூள் அரை டீஸ்பூன். பட்டையில் கை தாராளமாக வேண்டாம், நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் காசியா வகை. மணம் முரட்டுத்தனமாக இருக்கும். பூண்டுத்தூளுக்குப் பதில் பச்சைப் பூண்டு ஆறு பல் தட்டிச் சேர்க்கப் போகிறோம். பெரியவர்களுக்கு உறைப்பு வேண்டுமென்றால் வீட்டுத்தூள் கால் டீஸ்பூன் தனியாகக் கலந்துகொள்ளலாம். சோம்பு, தனியா, கறிவேப்பிலை, தேங்காய் நாலும் இந்தப் பக்கமே வரக்கூடாது. ஏதாவது ஒன்று உள்ளே நுழைந்தால் உங்கள் கையில் இருப்பது கைமா குழம்பு. நல்ல குழம்பாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகள் கேட்டது அது இல்லை.

இனி கறி. உங்கள் சாஸ் பார்க்கவே வேறு மாதிரி இருந்ததாகச் சொன்னீர்கள் அல்லவா? நீங்கள் எப்படிச் செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம் வதக்கி, கொத்துக்கறியைப் போட்டு வறுத்திருப்பீர்கள். சூடான சட்டியில் விழுந்த நொடியே கறி சுருண்டு கட்டி கட்டியாக இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்தக் கட்டி உடையாது. பன்னைக் கடிக்கும்போது கறி உருண்டைகள் மடியில் விழும்.

டெட்ராய்ட், சின்சினாட்டி வழியில் கறியை வறுப்பதே கிடையாது. பச்சைக் கறியைப் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஆமாம், கரைப்பதுதான், புளி கரைக்கிற மாதிரி. அடி கனமான பாத்திரத்தில் அரைக் கிலோ கறியைப் போட்டு, இரண்டரை கப் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கையை விட்டுப் பிசைந்து பிசைந்து கரையுங்கள். ஐந்து நிமிடத்தில் ரோஜா நிறக் கூழாக வரும். பார்க்க நன்றாக இருக்காது, பயப்படாதீர்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கறித் துகள்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் தனித்தனியாக மிதக்கும், மெல்ல மெல்லச் சூடேறும்போது அப்படியே தனித்தனியாக வேகும். இந்த ஒரு வேலையை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கறி எது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அங்கே மாட்டுக்கறிதான், கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஆட்டுக்கறியும் நன்றாக வரும். கோழி என்றால் நெஞ்சுக்கறி வேண்டாம், மணல் மாதிரி ஆகிவிடும்; தொடைக்கறியை எலும்பு நீக்கித் தரச் சொல்லுங்கள். நம் கடைகளில் கத்தியால் கொத்தித் தருவது இதற்குப் பெரிசு. மெஷின் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து இரண்டு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். மெஷின் இல்லாவிட்டால் துண்டுக்கறியை ஃப்ரீசரில் இருபது நிமிடம் வைத்து, விறைத்ததும் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பசையாகிவிடும்.

கரைத்ததை நடுத்தரத் தீயில் வைத்து, கொதி வரும்வரை கிண்டிக்கொண்டே இருங்கள். இடையில் போன் பேசப் போகக்கூடாது. நுரை பொங்கும், கரண்டியால் எடுத்து ஊற்றிவிடுங்கள். கொதித்ததும் தீயைச் சிம்மில் வைத்து, துருவிய பெரிய வெங்காயம் ஒன்று, தட்டிய பூண்டு, பொடிக்கலவை, மூன்று தக்காளியை அரைத்து வடிகட்டிய சாறு, நசுக்கிய பேரீச்சம்பழம், உப்பு ஒரு டீஸ்பூன் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம். வெங்காயத்தை நறுக்க வேண்டாம், துருவுங்கள். சாஸில் எதுவும் பல்லில் தட்டுப்படக்கூடாது. மூடியைப் பாதி திறந்து வைத்து ஒன்றேகால் மணி நேரம். அடி பிடிக்காமல் அவ்வப்போது துழாவ வேண்டும். முடிகிற நேரத்தில் வினிகர் 2 டீஸ்பூன், கடுகு பேஸ்ட் 1 டீஸ்பூன். குக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், கறி கொதித்துப் பிரிந்த பிறகு இரண்டு விசில் விடுங்கள், அப்புறம் திறந்து வைத்துச் சுண்டவிடுங்கள். ஆனால் எனக்கு அதில் திருப்தி வந்ததில்லை, தண்ணீர் தனியாக நிற்கிறது.

பல குறிப்புகளில் வூஸ்டர்ஷயர் சாஸ் இரண்டு கரண்டி என்று இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கிலாந்தின் வூஸ்டர் ஊரில் 1830களில் விற்பனைக்கு வந்த சாஸ் அது. வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு இவற்றோடு அதில் இருக்கும் முக்கியமான இரண்டு சாமான் என்ன தெரியுமா? புளியும், உப்பில் ஊறிய நெத்திலி வகை மீனும். கடலூர்க்காரருக்கு இதைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டுமா? கொட்டைப்பாக்கு அளவு புளியைக் கரைத்து அதில் இரண்டு டீஸ்பூன், வெல்லம் ஒரு சிட்டிகை. இது எல்லோரும் செய்யலாம். துணிச்சல் இருந்தால், முதுநகர்ப் பக்கம் வாங்கிய நெத்திலிக் கருவாடு நாலைந்தைத் தலை கிள்ளி, மண் போகக் கழுவிக் காயவைத்து, வறுத்துப் பொடித்து அரை டீஸ்பூன் போடுங்கள். ஒரு மணி நேரக் கொதியில் கருவாட்டு வாசனை காணாமல் போய்விடும், ருசியில் மட்டும் ஒரு கனம் நிற்கும். வீட்டில் யாருக்காவது மீன் ஒத்துக்கொள்ளாது என்றால் இதைத் தொடாதீர்கள். மற்றவர்களிடம் சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன், மிச்சிகன்காரர் காதில் விழாமல். கடைசிக் கால் மணியில் தாளிப்பு வடகத்தில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொரித்து, நுணுக்கிப் போடுவேன். வெங்காயம், பூண்டு, சீரகம், வெந்தயம் எல்லாம் வெயிலில் கிடந்து பக்குவப்பட்ட உருண்டை அது. வறுத்த வெங்காயத்தின் ஆழம் ஒரு சிட்டிகையில் வந்துவிடும். வடவம் என்று நாம் சொல்வதை எடுத்துக்கொண்டுதான் பிரெஞ்சுக்காரர்கள் வதூவான் என்று ஒரு மசாலா வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் ஊரில் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டால் நம் பாட்டிமார் மயங்கி விழுவார்கள். சுண்டைக்காய் அளவு என்று சொன்னதை மறக்காதீர்கள், எலுமிச்சை அளவு போட்டால் சில்லி டாக்கில் மீன்குழம்பு மணக்கும்.

பதம் தெரிந்துகொள்ள ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வையுங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் கட்டினால் இன்னும் சுண்ட வேண்டும். குவியலாக நின்று மெதுவாகப் பரவினால் சரி. டெட்ராய்ட்டில் சில கடைகளில் பிஸ்கட் போன்ற க்ராக்கரைப் பொடித்துச் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். நமக்கு டீக்கடை ரஸ்க் இருக்கிறது. இனிப்பு அதிகமில்லாத ரஸ்க்கைப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி. சோளமாவு கரைத்து ஊற்றாதீர்கள், சைனீஸ் கடைக் கிரேவி மாதிரிப் பளபளக்கும்.

இந்தச் சாஸை அன்றைக்கே பரிமாறினால் அரை ருசிதான். ஆறவைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே சிவப்பாக ஒரு கொழுப்பு ஏடு உறைந்திருக்கும். அதில் முக்கால்வாசியை வழித்து எடுத்துவிட்டுச் சூடுபண்ணுங்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் ஏட்டை எடுக்கும்போது காரத்தில் ஒரு பங்கும் கூடவே போய்விடுகிறது. எடுத்ததைக் கொட்டாதீர்கள், முட்டை பொரிக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இதை வைத்தே நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் அந்த நெருப்புச் சாஸையும் காப்பாற்றிவிடலாம், கீழே கொட்டியிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். குளிரவைத்து ஏட்டை முழுக்க எடுங்கள். மிளகாயே போடாமல் இன்னொரு அரைக் கிலோ கறியை மேலே சொன்னபடி தண்ணீரில் கரைத்து வேகவைத்து, அதில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ருசி பாருங்கள். மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் நிற்கும் என்று நினைக்கிறேன். மீதியை ஃப்ரீசரில் போட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையைக் கொட்டி மட்டும் சரிசெய்யப் பார்க்காதீர்கள், காரமும் போகாது, தித்திப்பும் தங்கிவிடும்.

ஃப்ரீசர் என்றதும் ஒரு விஷயம். கறிச் சாஸ் ஊறுகாய் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். நம் ஊர் மே மாதத்தில், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில், ஒரு மணி நேரம்தான் கணக்கு. அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம், சின்னச் சின்ன டப்பாவாக. திரும்ப எடுத்தால் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். எங்கள் பக்கம் நான் ஃப்ரீசரை ரொம்ப நம்புவதில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரை ஒட்டிக் கரையேறியதே, அப்போது கரண்ட் இல்லாத நாள்களில் உள்ளே இருந்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தவர்களில் நானும் ஒருவன். கரண்ட் போய் உருகிப்போன கறிச் சாஸை, வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பன் விஷயத்தில் புதுச்சேரிக்காரர்கள் என்னை அடிக்க வந்தாலும் சொல்கிறேன், பகெத் ரொட்டி இதற்கு ஆகாது. மேல்தோல் மொறுமொறுப்பாக இருப்பதால் கடிக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் மறுபக்கம் பிதுங்கி வெளியே வரும். அந்த ரொட்டி சூப்புக்கு, வெண்ணெய்க்கு, நம் கறிக்குழம்புக்கு. ஹாட் டாக்குக்கு மெத்தென்ற நீள பன்தான் வேண்டும். கடலூர் பேக்கரியில் கேட்கும்போது இனிப்பு பன்னைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், முதல் நாளே சொல்லி வைத்தால் பால் பன் மாவிலேயே சர்க்கரை குறைத்து நீளமாகப் போட்டுத் தருவார்கள். அப்புறம் அந்த பன்னை டோஸ்ட் செய்யாதீர்கள். டெட்ராய்ட் கடைகளில் ஆவியில் காட்டுவார்கள். நம் வீட்டில் அதற்கென்றே செய்த மாதிரி இட்லிப் பானை இருக்கிறது! தட்டில் துணி விரித்து, பன்னை வைத்து, முப்பது விநாடி. அதற்கு மேல் போனால் கொழகொழவென்று ஆகிவிடும்.

சாசேஜைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தோல் வெடிக்கும். கொதித்த தண்ணீரைத் தீ குறைத்து, அதில் ஆறேழு நிமிடம் ஊறவிட்டு, பிறகு தோசைக்கல்லில் நாலு பக்கமும் புரட்டி எடுங்கள். அடுக்கும் முறை இது: பன், சாசேஜ், அதன் மேல் மூன்று மேசைக்கரண்டி சாஸ், அதன் மேல் மஞ்சள் கடுகு சாஸ் ஒரு கோடு, கடைசியில் பொடியாக நறுக்கிய வதக்காத வெங்காயம். அரைக் கிலோவுக்குப் பன்னிரண்டு வரை வரும். பிள்ளைகள் சீஸ் கேட்டால் துருவிப் போடுங்கள், அது சின்சினாட்டி வழக்கம். மேற்கு வெர்ஜீனியாவில் முட்டைக்கோஸை நறுக்கி மயோனைஸில் பிசைந்து இதன் மேல் வைப்பார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பீன்ஸ் மட்டும் சாஸுக்குள் போடக்கூடாது என்று அங்கே சண்டையே நடக்கும். கிண்ணத்தில் சாப்பிடும் சில்லிக்குப் போடலாமா என்பதே பெரிய வழக்கு, ஹாட் டாக்குக்குக் கூடவே கூடாது.

கறி சாப்பிடாதவர்களுக்கு: சின்ன மீல் மேக்கர் நூறு கிராம், வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று. இதில் கொழுப்பு இல்லை என்பதால் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பொடிக்கலவையைக் கருகாமல் பத்து விநாடி வதக்கிவிட்டுத் தண்ணீர் சேருங்கள். அரை மணி நேரம் போதும்.

பிள்ளைகளில் யாராவது, கறிச் சாஸ் வேண்டாம், பாட்டில் மாதிரி ஊற்றுகிற சிவப்புச் சாஸ்தான் வேண்டும் என்றால் அது இன்னும் சுலபம். விதை நீக்கிய காஷ்மீரி மிளகாய் பதினைந்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பூண்டு ஐந்து பல், வினிகர் கால் கப், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு டீஸ்பூன் சேர்த்து விழுதாக அரைத்து, வடிகட்டி, பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், வினிகரும் மிளகாயும் சேர்ந்த ஆவி தொண்டையைப் பிடிக்கும். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக ஓடும். வினிகரைக் குறைத்துவிட்டு வெளியில் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பூண்டு சேர்ந்த பண்டத்தில் புளிப்பு குறைந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் கெட்டுப்போகும்.

முதல் நாள் கறிச் சாஸ் மிஞ்சும், நிச்சயம் மிஞ்சும். மறுநாள் காலை தோசை ஊற்றி, ஒரு பக்கம் வெந்ததும் முட்டையை உடைத்துத் தடவி, அதன் மேல் இரண்டு கரண்டி சாஸைப் பரப்பி மடித்துக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஹாட் டாக் கேட்பவர்களைவிட இந்தத் தோசைக்காகச் சாஸ் வைக்கச் சொல்பவர்கள்தான் அதிகம்.